மைனஸ் 190 டிகிரியில் லாஜ்பத் நகர் வரை

2025 டிசம்பர் 6, சனிக்கிழமை, காலை 9.40. குருகிராமிலிருந்து டெல்லி லாஜ்பத் நகருக்கு 29 கிலோமீட்டர். கொண்டுபோனவை மூன்று கருக்கள். எனக்கும் என் மனைவி ரெஜினாவுக்கும் உரியவை. இரண்டு வருடமாக உறைநிலையில் இருக்கின்றன. குருகிராமில் இருக்கும் பழைய மருத்துவமனை கருத்தரிப்புப் பிரிவை மூடுகிறது, அதனால் லாஜ்பத் நகரில் வேறொன்றுக்கு மாற்றுகிறோம். ரெஜினாவுக்கு நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிதாகக் கருமுட்டை எடுக்க வழியில்லை. இருப்பது இந்த மூன்றுதான்.

இதே வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் அனுமதிக் கடிதங்களை வாங்குங்கள். எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. பெட்டி வாடகை 6,500 ரூபாய். ஐஸ் பெட்டி அல்ல. பால்கேன் மாதிரி இருக்கும். சுவர் திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும், சில நாள் தாங்கும். மெட்ரோ யோசனையை விடுங்கள். டாக்ஸி 780 ரூபாய்.

டிரைவர் செல்வம் டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் பிறந்தவர். அதை இடித்த பிறகு நகரின் வடகோடியில் நரேலாவில் இருக்கிறார். பெட்டியில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, டிசம்பர் குளிரில் ஏசியை முழுதாகத் திருப்பினார்.

"உருகிடும்ல சார்?"

"உள்ள ஐஸே இல்ல. நிறுத்துங்க, நாங்கதான் உறையறோம்."

சும்மா உறைய வைத்தால் நீர் படிகமாகி செல்லைக் கிழித்துவிடும். அதனால் நீரை வெளியேற்றி, பாதுகாப்புத் திரவம் ஏற்றி, நொடியில் குளிர்விக்கிறார்கள். கண்ணாடி போல இறுகிவிடும்.

ஆர்.கே.புரம் தாண்டும்போது அடுத்த கேள்வி. "அமெரிக்காவுல ஆளுங்கள உயிரோட ஃப்ரிட்ஜ்ல வெச்சு அப்புறமா எழுப்புறாங்களாமே? யூடியூப்ல பாத்தேன்."

என் ஆபீசிலும் இதையேதான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே செல்வத்துக்கும் சொன்னேன். உயிரோடு இல்லை, டாக்டர் மரணத்தை உறுதி செய்த பிறகுதான். இதுவரை ஒருவரையும் எழுப்பியதில்லை, எழுப்பும் முறையும் கிடையாது. என்றாவது மருத்துவம் வளரும் என்று நம்பி வைக்கிறார்கள், அவ்வளவுதான். கரு சில செல்கள் மட்டுமே. அதை மீட்டுக் குழந்தை பெறுவது இன்று சாதாரண வைத்தியம்.

"அச்சா. அவங்க போனவங்க, இவங்க வரப்போறவங்க." செல்வம் விரல்விட்டு எண்ணினார். "நாம மூணு, உள்ள மூணு. போலீஸ் பாத்தா ஓவர்லோடுனு சலான் போட்டுருவான் மேடம்."

ரெஜினா அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

மூல்சந்த் அருகே ஒரு பைக் குறுக்கே வந்தது. சடன் பிரேக். பெட்டி சாய்ந்தது, ரெஜினா பாய்ந்து கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகாது, உள்ள திரவமா எதுவும்..."

"விளக்கம் வேணாம். பிடிடா!"

பிடித்தேன். தவறு என்னுடையதுதான். பெட்டியை நிமிர்த்தி வைத்து சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். நீங்கள் போடுங்கள். நைட்ரஜன் ஆவி சேராதபடி ஜன்னலையும் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

11.10க்குப் போய்ச் சேர்ந்தோம். ஆய்வகப் பெண் பெட்டியின் வெப்பப் பதிவைத் திரையில் காட்டினார்: தொடக்கம் முதல் முடிவு வரை நேர்கோடு. பெயர், எண் எல்லாம் சரி. மூன்றும் புதிய தொட்டிக்குள் இறங்கின. ரெஜினா என் கையை அப்போதுதான் விட்டாள்.

இனி நான் செய்யப்போவது:

1. ஜனவரியில் ரெஜினாவோடு ஸ்கேனுக்குப் போவேன்.
2. கர்ப்பப்பை தயார் என்றால் ஒன்றை மட்டும் மீட்கச் சொல்வோம். பிழைக்காமலும் போகலாம். பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன்.
3. பிழைத்தால், இன்னும் எதுவும் தெரியாத அப்பாவுக்கு போன் போடுவேன்.
4. மற்ற இரண்டையும் இன்னொரு வருடம் வைத்திருக்கக் கையெழுத்துப் போடுவேன். அவற்றுக்கு அவசரமில்லை.