புள்ளி இல்லாத ஓடு

அந்தத் தீவில் இருந்த தொல்லியல் பயிற்சிப் பள்ளிக்கு ஒவ்வொரு கோடையிலும் மாணவர்கள் படகில் வந்து இறங்குவார்கள். வந்த கையோடு அவர்களை நிஜமான அகழாய்வுக் குழியில் விட்டுவிட மாட்டார்கள். முதலில் பொய்க்குழி. கை பழகிய பிறகுதான் மற்றது. அந்தப் பொய்க்குழியைப் பத்தொன்பது வருடமாக நிரப்பி வந்தவள் குழியக்கா. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மாணவர்கள் குதறிவிட்டுப் போன குழியில் அடியில் மணல், அதன்மேல் அடுப்புச் சாம்பல், அதற்கும் மேல் செம்மண் என்று போட்டு, இடையிடையே உடைந்த பானை ஓடுகளைப் புதைப்பாள். ஒவ்வோர் ஓட்டின் உட்புறத்திலும் வெள்ளைச் சாயத்தில் ஒரு புள்ளி. இது நாமே புதைத்தது என்பதற்கு அதுதான் அடையாளம். நோயாளிக்கு மருந்து எடுத்து வைப்பதுபோல எண்ணி, சரிபார்த்து, மறுபடியும் ஒருமுறை பார்த்துத்தான் புதைப்பாள். வீட்டில் கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். குடியிருந்த வீடு பள்ளி கொடுத்தது, குழியிலிருந்து கூப்பிடு தூரம். அதனால்தான் வேலையும் நடந்தது, அவர் முதுகும் தப்பியது.

அந்த வருடம் ஒரு மாணவி, சொன்ன ஆழத்தில் நிறுத்தாமல் நாலு விரற்கடை கூடுதலாகச் சுரண்டிவிட்டாள். ஒரு சிறு ஜாடியின் மூக்கு கையில் வந்தது.

"அக்கா, இதுல புள்ளியக் காணோமே."

"அது நான் வெச்சது இல்ல."

"அப்ப யார் வெச்சது?"

"செத்துப்போனவங்க யாராவது வெச்சிருப்பாங்க. தள்ளு, பாக்கறேன்."

உள்ளே இறங்கி மண்ணை விரலில் தேய்த்தாள். கன்னங்கரேலென்று, பிசுபிசுப்பாக இறுகிக் கிடந்தது. அவள் கொட்டிய மண் எதுவும் அப்படி இருக்காது.

மாணவிக்கு முகம் வெளுத்தது. "அப்ப இத்தனை வருஷமா நிஜமான இடத்துமேலயா தோண்டிப் பழகினோம்?"

"அப்படித்தான் தெரியுது."

செய்தி பேராசிரியரிடம் போனது. இந்த இடத்தில் ஒன்றுமில்லை, பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். குழியக்காவை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். அவர் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணுல புள்ளி வைக்க மறந்திருப்பீங்க. வயசாகுதில்ல."

"வயசு உங்களுக்கும்தான் ஆகுது சார். நான் மறக்கல."

அவர் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். ஓர் ஓட்டில் புள்ளி வைக்கத் தவறிவிட்டேன் என்று ஏற்கனவே எழுதியிருந்தது.

"வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார். "அந்த வீடு உங்களுக்கு வசதியா இருக்குல்ல?"

அவ்வளவுதான் கேட்டார். குரல்கூட உயரவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

மாணவியின் அறிக்கையில் 'பணியாளர் கவனக்குறைவு' என்று ஒரு வரி ஏறியது. படகு ஏறுவதற்கு முன் அவள் வந்து நின்றாள். "சார் அப்படித்தான் எழுதச் சொன்னாருக்கா."

"எழுதும்மா. நீயும் பாஸாகணும்ல."

இருந்தாலும், கிளம்பும்வரை குழியக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் குழி நிரப்பும் நாளில் பேராசிரியரே அளவுகோலோடு வந்து நின்றார். "இந்தத் தடவை தோண்டறத ஒரு அடி மேலயே நிறுத்திக்கலாம். அடியில மணலைக் கொட்டி நல்லாக் கெட்டியாக்கிடுங்க. யாரும் அதுக்குக் கீழ போகவேண்டாம்."

"நான்தான் புள்ளி வைக்க மறந்தவளாச்சே சார். அப்புறம் எதுக்கு ஒரு அடி?"

அவர் கடலைப் பார்த்தார். "பசங்களுக்குக் குனிஞ்சு முதுகு வலிக்குதாம்."

குழியக்கா மணலைக் கொட்டத் தொடங்கினாள்.