ஆரஞ்சுத் தோலும் பின் பிரேக்கும்

சைக்கிள் ரிப்பேர் தொழில்ல கையில கிரீஸ் ஒட்டும், நல்ல பேரு மட்டும் ஒட்டவே ஒட்டாது. ரிப்பேர் தொழில்ல இருக்கிற சக பாவிகளே, என் வயித்தெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்க.

மஞ்ச டப்பா

முதலியார்பேட்டையில என் கடை. பேங்க் மேனேஜர் வரதன் சார் ஞாயித்துக்கிழமை காலையில ஒரு கோஷ்டியோட ஊரைத் தாண்டி ரொம்ப தூரத்துல இருக்கிற கனகசெட்டிக்குளம் வரைக்கும் சைக்கிள் மிதிப்பாரு. புது சைக்கிள், பெட்டியில வந்தத வீடியோ பாத்து அவரே மாட்டினது. மத்தவங்க டீ குடிச்சு முடிச்சப்புறம்தான் இவரு போய்ச் சேருவாரு. கோஷ்டித் தலைவர் பிரெஞ்சு ராணுவத்துல சிப்பாயா, எங்க ஊர்ப் பேச்சுல சொல்தாவா, இருந்தவரு, எழுபது வயசு. "இந்த வாரமும் கடைசின்னா, நீங்க பீச் ரோட்டுல பொடிசுங்களோட ஓட்டுங்க"ன்னு சொல்லிட்டாராம். மனுஷன் நொந்து போயிட்டாரு. இத்தனைக்கும் ரெண்டு மாசமா ஆரஞ்சுத் தோல் சத்து மாத்திரை, வேளைக்கு ஒண்ணு. டப்பாவ என் மூக்குக்கு நேரா ஆட்டிச் சொன்னாரு: "இத்தனை வருஷமா தோலை மாட்டுக்குப் போட்டுட்டு சுளைய நாம தின்னுருக்கோம், குமாரு. அதான் மாடு அந்த ஓட்டம் ஓடுது!"

ஒரே சுத்து

சனிக்கிழமை காத்தடிக்க வந்தாரு. பின் வீலைத் தூக்கிச் சுத்திவிட்டேன். ஒரே சுத்து, நின்னுடுச்சு. அட கடவுளே! பிரேக் கட்டை ரிம்மைக் கவ்விக்கிட்டுக் கெடக்கு. இத்தனை நாளா பிரேக்கைப் புடிச்சபடியே மிதிச்சிருக்காரு! தளர்த்திட்டு விஷயத்தைச் சொன்னேன். அவரு மாத்திரைய முழுங்கிட்டுச் சொன்னாரு: "நிக்கிறதப் பத்தி அப்புறம் பேசலாம்ப்பா, நான் இப்ப ஓடறதப் பத்தி யோசிக்கிறேன்."

மூணாவது ஆளு

ஞாயித்துக்கிழமை மூணாவதா போய்ச் சேந்துட்டாராம். மறுநாள் வரதன் சாரோட கோஷ்டியே என் கடை வாசல்ல. மாலை போடத்தான் வந்திருக்காங்கன்னு சட்டைய இழுத்துவிட்டுக்கிட்டேன். வரதன் சார் ரகசியம்னு சொல்ல மாட்டேங்கறாராம், மாத்திரை எங்க கிடைக்கும்னு என்கிட்டயே கேக்கறாங்க! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைங்க இது, பின் பிரேக் ஒட்டிக்கிட்டு இருந்துச்சுன்னு கத்திட்டேன். வரதன் சார் முகம் செத்துப்போச்சு.

எனக்கே பாவமா ஆயிடுச்சு. சொல்தா ஐயா கொஞ்ச நேரம் தாடியச் சொறிஞ்சாரு. அப்புறம் வரதன் சார் முதுகுல ஓங்கி ஒரு தட்டு தட்டிச் சொன்னாரு: "பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே ரெண்டு மாசம் கனகசெட்டிக்குளம் போய் வந்தீங்களா? அப்ப அந்த மாத்திரைக்கு என்னா பவருய்யா!"

அன்னியிலேருந்து யாரு வந்தாலும் பிரேக் கட்டைய நைசா தளர்த்திட்டு, "மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க சார்"னு சொல்லி அனுப்பறேன், தொழில் ஓஹோன்னு ஓடுது.