பரந்தாமனுக்குச் சொந்தமான சிரிப்பு

போன செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது நடிகர் பரந்தாமனின் மனைவி போன் செய்தார். "அண்ணா, அவரு காலைல எழுந்திருக்கல," என்றார். தூக்கத்திலேயே போய்விட்டார். தூக்கிய ஷட்டரை இறக்கினேன். ஆவடியில் கடை போட்ட நாளிலிருந்து நான் அப்படிச் செய்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் திறந்த பாத்திரக் கடை அது. திறப்பு விழாவுக்கு நான் கூப்பிட்டது பரந்தாமனின் அப்பாவான நகைச்சுவை நடிகர் கோதண்டத்தை. அவருக்குத் தேதி இல்லை, மகனை அனுப்பிவைத்தார். கூட்டம் அப்பாவின் பேர்போன விக்கல் சிரிப்பைச் செய்யச் சொன்னது. மகன் செய்து காட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"தாத்தா நாடகம், அத்தை பாட்டு, நைனா சினிமா. எங்கூட்ல எல்லாருக்கும் ஒண்ணு கீது மாமே," என்றார் என்னிடம். "எனக்குனு ஒரு சிரிப்பு கெடைக்கலன்னா இந்த வருசத்தோட நடிப்ப வுட்டுட்றேன். உன் கடைல வேலை குடுப்பியா?"

"சம்பளம் கம்மி," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

வேலைக்கு வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தார். பத்து நாள் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு பழக்கம். விலை அதிகம் என்று யாராவது பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டால் வாதாட மாட்டேன். அதை எடுத்துத் துண்டால் துடைத்து, "வாடா கண்ணு, உன் அருமை அவங்களுக்குத் தெரியல," என்று பாத்திரத்திடம் சொல்வேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவார்கள்.

"இத்த நான் சினிமாவுக்கு எடுத்துக்கட்டா?" என்று கேட்டார் பரந்தாமன்.

"என் வியாபாரம் கெடாம எடுத்துக்கோ."

அடுத்த படத்தில் அவர் கல்யாணத் தரகர். பெண் வீட்டார் வேண்டாம் என்றதும் மாப்பிள்ளையின் முகத்தைத் துண்டால் துடைத்து, அதே வார்த்தையைச் சொன்னார். பூந்தமல்லி தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து என் தோளிலேயே சாய்ந்துவிட்டார். அதன்பின் போலீஸ், டாக்டர், வாத்தியார் என்று வேஷங்கள் வந்துகொண்டே இருந்தன. சிக்கல் எனக்குத்தான். "சினிமாவப் பாத்துக் காப்பி அடிக்கிறியே அண்ணாத்தே," என்றார்கள் வாடிக்கையாளர்கள்.

தொண்ணூறுகளில் ஒருநாள் கோதண்டமே கடைக்கு வந்தார். "எம்மவன் யாராண்ட கத்துக்கினான்னு பாக்க வந்தேன் தம்பி," என்றார். அந்த நேரம் பேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்த திருநெல்வேலிக்கார அம்மா ஒருவர், கூட வந்தவளின் கையைக் கிள்ளினார். "ஏட்டி, இவரு நம்ம பரந்தாமனோட அப்பால்லா!"

பெரியவரின் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு சிரித்தார். விக்கல் இல்லாமல் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலமே பரந்தாமனுக்குப் போன் போட்டு, "ஜெயிச்சிட்ட மாமே," என்று நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது வேறு.

"நைனாவுக்கு சேர் போட்டியா?"

"போட்டேன்."

"டீ?"

"குடுத்தேன்."

"சக்கரை போடாமதானே? அவருக்கு ஆவாது."

பரந்தாமனிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்த மூன்று கேள்விகளைத்தான். பின்னாளில், எனக்கு எதிரே பாத்திரக் கடை போட்டுப் பல வருஷம் மல்லுக்கட்டியவர், தாக்குப்பிடிக்க முடியாமல் கடையை மூடிவிட்டுச் சொல்லிக்கொள்ள வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். டீ சொல்வதற்கு முன்னால், "சக்கரை போடலாமா?" என்று கேட்டேன்.