என் தம்பி நியூட்ரலில் வரவில்லை

ஆற்றுக்கால் பொங்காலை அன்று மத்தியானமே மழை கொட்டி, கோயிலுக்குப் பொங்கத் தெருவில் அடுப்பு வைத்த பெண்களெல்லாம் பாதி வெந்த பாயசத்தோடு பானையைத் தூக்கிக்கொண்டு கண்ட கண்ட வீட்டு வராந்தாவில் ஏறி நின்றார்களே, அந்த வருடம்தான். அதற்கு மறுவாரம். மணக்காட்டில் எங்கள் சந்து முழுக்க அடுப்புக்கு வைத்த செங்கல் அப்படியே கிடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதில் ஒரு செங்கலைத்தான் என் மகள் காரின் பின் டயருக்கு முட்டுக் கொடுத்திருந்தேன், அதன் ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது. முட்டுக் கொடுத்த கார், ஸ்டார்ட் பண்ணாத கார். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. நான் மலைமேலே போனக்காடு தேயிலை எஸ்டேட்டின் கூலி லயத்தில் பிறந்தவன். அங்கே பாழடைந்து கிடக்கிற பழைய பங்களாவில் பேய் இருக்கிறது என்று டவுனிலிருந்து கேமராவும் கையுமாக வருவார்கள், நானே எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். பேயைக் கண்டவன் ஒருத்தனும் இல்லை, அட்டை கடிக்காமல் திரும்பியவனும் இல்லை. அப்படிப்பட்ட ஆள் நான். பள்ளிக்கூடம் போகாதவன்தான், ஆனால் நம்பர் வாசிப்பேன், மீட்டர் வாசிப்பேன். ஆயுசு முழுக்க தம்பானூரில் டாக்ஸி ஓட்டியவனுக்கு மீட்டர் வாசிக்கத் தெரியாமல் இருக்குமா?

என் தம்பி மாசிலாமணியும் டிரைவர். நாங்கள் மணி என்போம். அவன் ஓட்டியது ஒரு முதலாளியின் கார். பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, லைனர் மாற்றித் தாருங்கள் என்று அந்த முதலாளியிடம் கேட்டுக் கேட்டு மணிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். உன் வாய்ச்சொல் போதாது, அத்தாட்சி கொண்டுவா என்றானாம் அந்த ஆள். இவன் பாவம், தன் கைக்காசு போட்டு ஒரு ஸ்கேனர் வாங்கினான். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கறுப்புச் சாமான், ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் வண்டியின் சீக்கெல்லாம் போனில் வரும். பிரேக் லைனர் தேய்ந்ததை அது காட்டாது என்று விற்றவன் சொல்லவில்லை. நன்றாக இருப்பானா அவன்?

போனக்காட்டிலிருந்து விதுரைக்கு இறங்குகிற மலைப்பாதையில் பிரேக் போய், கார் உருண்டு, மணி செத்துப் போனான். உருண்டு கிடந்த வண்டியில் கியர் நியூட்ரலில் இருந்ததாம். உடனே முதலாளி சொல்லிவிட்டான், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினான், அதனால்தான் செத்தான் என்று. இறக்கத்தில் கியர் போட்டு வந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், நியூட்ரலில் விட்டால் பிடிக்க ஒன்றும் இல்லை. நியூட்ரலில் இறக்குகிறவன் டிரைவரே இல்லை. அந்தப் பேரைத்தான் என் தம்பிக்கு வைத்தார்கள். விதுரை டீக்கடையில் இன்றைக்கும் புதுப் பையன்களிடம் சொல்வார்கள், நியூட்ரல் மணி மாதிரிப் போகாதே என்று. கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒருத்தன் சட்டையை நான் பிடித்தும் இருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ஸ்டெல்லாவின் காரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் முன்னால் சித்தப்பாவின் ஸ்கேனரை வைத்துப் பார்க்கலாமே என்றாள். உருண்ட வண்டியிலிருந்து எடுத்த மணியின் சாமான்களோடு அது என் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அவள் சொருகி, சாவியை ஒரு திருகு மட்டும் திருகினாள். எஞ்சின் ஓடவில்லை. நீல விளக்கு எரிந்தது. அவள் போனில் புளூடூத்தைத் திறந்தால் ஸ்கேனரின் பேர் தெரிகிறது, தொட்டால் சேர மாட்டேன் என்கிறது. திரும்பத் திரும்பத் தொட்டாள்.

"அப்பா, இது வேற ஏதோ போன்ல கனெக்ட் ஆகிக் கெடக்கு. ஒரு நேரம் ஒரு போன்லதான் சேரும். அது விட்டாத்தான் நமக்குக் கெடைக்கும்."

"வேற எந்தப் போனு? அவனுக்க போனு அவனோட சேந்து நசுங்கிப் போச்சே."

"அதாக்கும் எனக்கும் மனசிலாகல்ல. உங்க போனைத் தாருங்க, நோக்கலாம்."

என் போனிலும் அதே கதைதான். எனக்கு எரிச்சல் வந்தது. மண்டையைப் பிளக்கிற வெயில், காருக்குள் அடுப்பு மாதிரி இருக்கிறது, இந்தச் சனியனும் வம்பு பண்ணுகிறது. நம்பினால் நம்புங்கள், நான் விளையாட்டுக்குத்தான் கத்தினேன்: "விடுலே மணி! அண்ணன் கேக்குதேன்லா, விடு!"

அந்த நிமிடமே என் போனில் சேர்ந்தது.

ஸ்டெல்லா சிரித்தாள். "சித்தப்பாக்கு உங்க சத்தம் கேட்டா இப்பவும் பயமாக்கும்." அப்புறம் போனைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. போனில் ரெண்டு மீட்டர், ஸ்பீடும் எஞ்சின் சுற்றும். கீழே தண்ணீர்ச் சூடு. ஸ்பீடு முப்பது. எஞ்சின் சுற்று ரெண்டாயிரத்துக்கு மேலே.

நான் எட்டிப் பார்த்தேன். டயருக்குக் கீழே செங்கல் இருக்கிறது. எஞ்சின் சத்தம் இல்லை, மரக்கட்டை மாதிரி நிற்கிறது கார். மகள் பயந்துபோய் ஸ்கேனரைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்பா, இனி இதுக்குக் கரண்டே இல்லையே. அப்பவும் ஓடுது. யாருக்க வண்டிப்பா இது?"

யாருடைய வண்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு டிரைவர் வண்டியை எப்படிப் பிடிப்பான் என்பது அவன் நடை மாதிரி, அதை மாற்ற முடியாது. மணி வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே ஸ்பீடைக் குறைப்பான், வளைவின் நடுவில் ஒரு சிறு தள்ளு கொடுப்பான், நான் கற்றுக்கொடுத்தது இல்லை, அவனுடைய சொந்தப் பழக்கம். அது அப்படியே போனில் ஓடியது. இறங்குகிறது, குறைகிறது, சின்னத் தள்ளு. தண்ணிப்பாறை வளைவு. அடுத்தது இலவமரத்து வளைவு. நான் வாயால் சொல்லச் சொல்ல முள் அப்படியே அசைகிறது. செகண்ட் கியர். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது.

இலவமரம் தாண்டியதும் ஸ்பீடு குறைய வேண்டிய இடத்தில் குறையவில்லை. ஏறியது. அதோடு எஞ்சின் சுற்றும் ஏறியது. இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். நியூட்ரலில் இருந்தால் எஞ்சின் சுற்று அடியில் விழுந்து கிடக்கும், வண்டி என்ன வேகத்தில் போனாலும் அதற்குச் சம்பந்தமே இராது. இங்கே ரெண்டும் சேர்ந்து ஏறின. கியர் கிடக்கிறது, பிரேக்தான் இல்லை. அப்புறம் சுற்று முள் ஒரே குதி குதித்துக் கடைசிக்குப் போனது, ஸ்பீடு படக்கென்று இறங்கியது. ஒன்றாம் கியர் போட்டிருக்கிறான் என் தம்பி! அந்த வேகத்தில் ஒன்றாம் கியர் விழாது, கை ஒடிந்துவிடும், அவன் போட்டிருக்கிறான்.

"புடிலே மணி, புடி, புடி" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை, ஸ்டெல்லா சொன்னாள். ரெண்டு முள்ளும் பூஜ்யத்தில் விழுந்தன.

மறுநாளே அந்த முதலாளி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் சாயா குடித்துக்கொண்டே சிரிக்கிறான்.

"அண்ணாச்சி, உமக்குப் பிராயம் ஆயாச்சு. போன்ல கண்டதெல்லாம் சத்தியமா? கியர் நியூட்ரல்ல கெடந்தது போலீஸும் கண்டதல்லே?"

"உருண்டு உருண்டு விழுந்த வண்டியில கியர் கம்பி நகராம இருக்குமா ஓய்? உம்மை அதுல போட்டு உருட்டியிருந்தா உம்ம தலையும் நியூட்ரல்லதான் கெடக்கும்! லைனர் மாத்தித் தான்னு அவன் எத்தனை மட்டம் கேட்டான், அதைச் சொல்லும்!"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். கேட்டைச் சாத்தச் சொன்னான். எடுத்துக் காட்ட என் கையில் என்ன இருக்கிறது? அதைப் போனில் பிடித்து வைக்க எங்கள் ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று முள் ரெண்டும் விழுந்த பிறகும் தண்ணீர்ச் சூடு மட்டும் நிற்கவில்லை. நிறுத்திப்போட்ட எஞ்சின் எப்படி ஆறுமோ அப்படி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. இன்றைக்கும் திறந்தால் அந்த ஒரு நம்பர் இருக்கிறது. ஸ்கேனர் என் பெட்டியில், கரண்டு இல்லாமல். மணி ஓட்டிய அந்தக் காரைப் பழைய இரும்புக்கு உடைத்ததை நான் கண்ணால் நின்று பார்த்தவன். ஆனாலும் இங்கே நகரத்தில் வெயில் தோலை உரிக்கும்போது போனில் பதினெட்டு டிகிரி என்று காட்டும். போனக்காட்டு லயத்தில் இருக்கிற சொந்தக்காரியைக் கூப்பிட்டு, அங்கே மழையா என்பேன். "ஆமா அத்தான், இப்பத்தான் பிடிச்சுது, உமக்கு எப்பிடித் தெரியும்?" என்பாள்.

இதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் விதுரைப் பக்கம் போனால் அந்த டீக்கடையில் ஒரு சாயா குடியுங்கள். எவனாவது நியூட்ரல் மணி என்று ஆரம்பித்தால், போனைப் பற்றிச் சொல்லாதீர்கள், பேய்க்கதை என்று சிரிப்பான். இது போதும்: அவன் செகண்ட் கியரில் வந்தான், கடைசியில் ஒன்றாம் கியரும் போட்டுப் பார்த்தான் என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.