தெரசாளின் வலப் பக்கம்

இடப் பக்கம் திரும்பினால் மாதாவுக்கு ஒரு முழுப் பிரியதத்த மந்திரம் சொல்லி முடியுமட்டும். வலப் பக்கம் திரும்பினால் வெறும் ஆமென். காலையில் முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்து தெரசாள் அக்காள் கழுத்துக்குச் செய்துவந்த பயிற்சி இதுதான். எதிர்வீட்டு வாத்தியாரான நான் இருபது நாளாகப் பார்த்து வருகிறேன்.

வலப் பக்கம் இருப்பது ஓரகத்தி எலிசபெத்தின் வீடு. பாகம் பிரித்தபோது ஆட்டுக்கல் யாருக்கு என்று தொடங்கிய சண்டை. அண்ணன் தம்பி இருவரும் கல்லறைக்குப் போய்விட்டார்கள். பெண்டாட்டிமார் பதினோரு வருஷமாகப் பேசவில்லை. எதிர்ப்பட்டால் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சென்ற மாதம் ஊருணியிலிருந்து தலையில் குடத்தோடு வந்த தெரசாள், எலிசபெத்தைக் கண்டதும் அதே வேகத்தில் திருப்பினாள். குடம் தளும்பவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது.

அருப்புக்கோட்டைக் கடைகளுக்கு மிளகாய் வத்தல் காம்பு கிள்ளித்தான் அவளுக்குப் பிழைப்பு. குனிய முடியாமல் மூட்டை அப்படியே கிடந்தது. மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சுவாமிதாஸ் தவிட்டு ஒத்தடம் கொடுக்கச் சொல்லி, தாடை தோளுக்கு வருமட்டும் கழுத்தை மெல்லத் திருப்பவும் சொல்லிக்கொடுத்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத் திருப்பணும். இல்லாட்டி கழுத்து இப்படியே நின்னுபோகும். வெடுக்குன்னு மட்டும் ஆகாது."

"அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு திரும்பச் சொல்றீக?"

மறுநாள் பலகையை எதிர்த்திசையில் போட்டு உட்கார்ந்தாள். எலிசபெத் வீடு இடப் பக்கம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நல்லாச் சிரிங்க வாத்தியாரய்யா. ஒங்களுக்கு வீடு நெறைய ஆளு."

என் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் பலகையைப் பழையபடி போட்டுக்கொண்டாள்.

போன வாரம், பட்டாளத்திலிருந்து திரும்பி மதுரை மில்லில் வேலைக்குச் சேர்ந்த எலிசபெத்தின் மகன் வந்து அவளைத் தன்னோடு அழைத்துப் போனான். கதவில் பூட்டு. அன்றிலிருந்து தெரசாள் இரண்டு பக்கமும் முழு மந்திரம் சொல்கிறாள். கழுத்தும் தேறி வருகிறது.

"இப்ப எந்தத் தொந்தரவும் இல்லையே அக்கா?" என்று கேட்டேன்.

"திரும்புறேன். பாக்கத்தான் ஒண்ணுமில்ல" என்றாள்.

இன்று காலை மந்திரத்தின் பாதியில் தெருமுனையில் வண்டிமாட்டுச் சலங்கை கேட்டது. கம்பவுண்டர் சொன்னதெல்லாம் போயிற்று. வெடுக்கென்று எலிசபெத் வீட்டுப் பக்கம் திரும்பினாள். வண்டி நிற்காமல் பாலவனத்தம் பாதையில் போய்விட்டது. பிடரியை ஒரு கையால் பிடித்தபடி, முகத்தைத் திருப்பாமல், அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.