தோளில் பதிந்த மாதா

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி, பனித்தளத்தில் சிந்திய இரத்தம் மண்ணில் சிந்தியதைப்போல் உள்ளிறங்கி மறைவதில்லை. அது செக்கச்செவேலென்று மேலேயே உறைந்து கிடக்க, ஆட்டத்தை நிறுத்தி ஒருவர் தகட்டால் சுரண்டி அள்ளிப்போவார். அந்தச் சுரண்டும் ஓசை இன்றைக்கும் என் பல்லைக் கூசச் செய்கிறது.

என் மகன் ஜெறோம் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஐஸ் ஹொக்கி ஆடிய, அவனது பதினைந்தாம் வயதின் குளிர்காலத்தையே உங்கள் நூலகச் சேகரிப்புக்காக எழுதத் துணிகிறேன். மன்னாரிலிருந்து வந்து, மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கிய எனக்கு அவ்விளையாட்டின் சட்டங்கள் விளங்கவில்லை. அவன் தடுப்பாட்டக்காரன் என்பதும், ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு எங்கள் கோல் வலையை நோக்கிப் பாய்பவனைக் குறுக்கே நின்று தோளால் மோதி வீழ்த்துவதே அவன் வேலை என்பதும் மாத்திரம் விளங்கின.

என் மனைவி றீற்றா முதல் ஆட்டத்திலேயே கண்களைப் பொத்திக்கொண்டாள். "அடிபடாமல் வளரட்டும் எண்டுதானே கடல் கடந்து வந்தனாங்கள்? இவன் இஞ்ச தேடிப்போயெல்லோ அடி வாங்குறான்!" என்று புலம்பியவள், ஈற்றில் தன் தாயார் கழுத்தில் கிடந்த வெண்கல மாதா பதக்கத்தை அவனுடைய இடது தோள்கவசத்தின் உட்புறத்தில் இறுகத் தைத்து, "மாதாவோட போறதெண்டால் போ. இல்லையெண்டால் வீட்டில இரு" என்று நிபந்தனை விதித்தாள். அவன் "ஓகே, அம்மா" என்றான். அதன்பின் அந்தப் பேச்சே எழவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டத்தைப் பார்க்கக் கனடாவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். அவர் கைகாட்டும் பிள்ளை அங்கே சென்று பயின்று, நாளை சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரனாகலாம். ஜெறோம் அதையே உயிராக எண்ணியிருந்தான்.

எதிரணியின் நெடியவன் ஒருவன் ஜெறோமின் நிறத்தை ஏளனம் செய்து, "டேய் டெலிவரி, என் சாப்பாடு எங்கே?" என்று ஆங்கிலத்தில் கத்தினான். "வருது, வருது" என்று ஜெறோமும் ஆங்கிலத்திலேயே சிரித்தான். வந்தது. அடுத்த பாய்ச்சலில் ஜெறோம் அவனைப் பக்கப் பலகையோடு சேர்த்து அறைந்தான். தடுப்புக் கண்ணாடி அதிர, நெடியவனின் பல்லொன்று பனியில் உருண்டது. கையுறைகளை வீசிவிட்டு இருவரும் முகத்தில் குத்திக்கொண்டார்கள்.

சண்டைக்காக இருவரும் வெளியே இருந்த தண்டனை நேரம் முடிந்து திரும்பியதும், நெடியவன் ஆட்டம் முடியும் தறுவாயில் முழு வேகத்தில் வந்து ஜெறோமின் இடது தோளில் இடித்தான். காய்ந்த கொப்பு முறிந்தாற்போல் ஓசை கேட்டது. ஜெறோம் விழுந்து, எழுந்து, ஒற்றைக் கையால் வட்டை அப்பால் தள்ளிய பிறகே மறுபடி சாய்ந்தான்.

சிகிச்சை அறையில் டொக்டர் கவசத்தை வெட்டித் திறந்தார். பதக்கம் சதைக்குள் செருகி நின்றது. அதைப் பிடுங்கி இரத்தத்தைத் துடைத்தபோது, சுற்றிலும் பதக்க விளிம்பின் அதே வளைவில் அரைநிலாக் கன்றல்கள் தெரிந்தன. சில கறுப்பு, சில நீலம், சில மஞ்சள். "இவை இன்றைக்குப் பட்டவை அல்ல" என்றார் டொக்டர். ஒவ்வொரு மோதலிலும் மாதா அவனைக் குத்தியிருக்கிறாள்.

றீற்றா விரலால் அந்த அடையாளங்களைத் தடவினாள். "ஏனடா சொல்லேல்லை?"

அவன் தமிழைத் தேடினான். "சொன்னா... நோ ஹொக்கி, அம்மா."

அப்போது கனடியர் வாசலில் வந்து நின்று, எலும்பு பொருந்தியதும் பிள்ளையை அனுப்புவீர்களா என்று வினவினார். நான் றீற்றாவைப் பார்த்தேன். அவளோ வெட்டுண்ட கவசத்தை மடியில் வைத்து, எஞ்சிய நூலைப் பல்லால் கடித்துக் கடித்து இழுத்தெடுத்தாள்.

"போ. ஆனால் இனி அம்மாவுக்காக அடி வாங்காதை. வாங்கினால் உனக்காக வாங்கு."

இப்போது அவன் தொலைதூரப் பனிநகர் ஒன்றில் சம்பளத்துக்கு ஆடுகிறான். நான் ஒக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் வீட்டிலிருந்து கைபேசியில் பார்க்கிறேன். விளிம்பு வளைந்த பதக்கம் என் மேசையில் கிடக்கிறது. றீற்றா இப்போது உயிரோடு இல்லை. மோதல் நெருங்கும் கணத்தில் பக்கத்திலிருந்து எழுந்து தன் கண்ணைப் பொத்தும் அவளுடைய அந்தக் கையும் இல்லை. ஆகையால் நானே பொத்திக்கொள்கிறேன்.

அவனுடைய பிள்ளைகள் என்றாவது அத்தழும்பைப் பற்றிக் கேட்கக்கூடும். இக்கடிதத்தை எறிந்துவிடாமல் உங்கள் சேகரிப்பில் வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.