வட்டத்துக்குள் இருந்தது

ஒச்சம்மாளின் கண்ணுக்குத் தப்பிய கறை அந்தக் கம்பெனியிலேயே கிடையாது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையிலேயே தலை நரைத்தவள். துணியில் பென்சில் வட்டம் இருந்தால், உள்ளே கறை இருக்கிறது, எடு என்று அர்த்தம். அவள் எடுத்துவிடுவாள். பஞ்சுத் தூசியில் மூச்சுதான் கெட்டுப்போனது. இடுப்பில் எந்நேரமும் இன்ஹேலர் இருக்கும்.

மகள் நதியா கோவையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அம்மா உறிஞ்சும் மருந்து நுரையீரலில் எதைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறதோ, அந்த ஏற்பியைப் பற்றித்தான். அதற்குரிய மனித மரபணுவை, நோய் தராதபடி முடக்கிய வைரஸ் வழியாக எலியின் செல்லுக்குள் குடியேற்ற வேண்டும். அதற்கான பிளாஸ்மிட், அதாவது வளையமான டி.என்.ஏ., வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவரிடம் இருந்தது. நதியா கெஞ்சிக் கூத்தாடி எழுதியதில், ஆய்வகத்தை மூடிக்கொண்டிருந்த அந்த மனுஷன் மிச்சமிருந்ததைத் தாளில் சொட்டுவிட்டுக் காயவைத்து அனுப்பினார். கல்லூரி ஆபீஸில் தபால் காணாமல் போகும் என்று பயந்து, நதியா வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தாள். விதியைப் பாருங்கள்.

"கவர் ஒன்னு வரும்மா. பத்திரமா வச்சிரு" என்று போனில் சொன்னாள். உள்ளே என்ன இருக்கும் என்பதையும் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கவர் மழையில் நனைந்து வந்தது. ஒச்சம்மாள் பதறிப்போய்ப் பிரித்தாள். உள்ளே கெட்டியான வெள்ளைத் தாள், நடுவில் பென்சில் வட்டம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வட்டத்துக்குள் பழுப்பாக ஏதோ தெரிந்தது. பிள்ளைக்கு வந்த பொருளைக் கறையோடு கொடுப்பதா? சோப்புத் தண்ணீர் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தாள். வட்டத்தையும் அழித்து, இஸ்திரி போட்டு வைத்தாள்.

ஊருக்கு வந்த மகளிடம் பெருமையாக நீட்டினாள். "கறை இருந்துச்சு தாயி. சுத்தமா எடுத்துட்டேன்."

நதியா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதத்தாம்மா அனுப்பச் சொன்னேன்" என்றாள்.

ஆய்வகத்தில் தாள் முழுவதையும் துண்டு துண்டாக நறுக்கி ஊறவைத்துப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. ஆராய்ச்சி வழிகாட்டி சிவசுப்பிரமணியம் மரியாதையாகவே கைகழுவினார். "என்னங்க பண்றது நதியா, ஆராய்ச்சிக் காலம் முடியுதுங்க. புதுசா செஞ்சு வாங்கக் காலேஜுல காசு ஒதுக்க மாட்டாங்க. உங்க எடத்துக்கு வேற ஆளப் போட்டாச்சுங்க."

இப்போது நதியா, அம்மாவின் கம்பெனியிலேயே குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள். அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அந்தப் பாவிக்கு மனம் ஆறியிருக்கும். அன்று முதல் ஒச்சம்மாள், வட்டம் போட்ட துணி வந்தால் கட்டின் அடியில் தள்ளிவைக்கிறாள்.

போன வாரம் வெள்ளை டீ-சர்ட் ஒன்று வந்தது. மார்பில் பென்சில் வட்டம், மகள் போட்டது. ஒச்சம்மாள் அதைத் தொட்டுத் துடைக்காமல், அப்படியே தூக்கிக்கொண்டு மகளின் மேசைக்குப் போனாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு தாயி?"

நதியா தலை நிமிரவில்லை.

"வெறும் கறைதாம்மா. தொடச்சிரு."